நாற்பத்து நான்காவது மனு

வரிசைப்படி சொல்கிறேன். வரிசை தப்பினால் அநியாயம் செய்தவன் நடுவில் நுழைந்து தன் நியாயத்தைப் பேசிவிடுவான் என்று முப்பது வருடத் தெருமுனைக் கூட்டங்களில் கற்றுக்கொண்டவன் நான்.

முதலாவது, சங்குமுனைக் கடற்கரையில் எங்களுக்கு இருந்த ஒரே நல்ல தண்ணீர்க் கிணற்றைச் சுற்றி உப்புக் கம்பெனிக்காரர்கள் பாத்தி கட்டி, மூன்றே கோடையில் அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியாதபடி ஆக்கினார்கள். இரண்டாவது, கிணறு போன காலனிக்குத் தண்ணீர் லாரி விடுகிறோம் என்று சொல்லி, முந்தின நாள் வேலைக்கு வராதவர் வீட்டுக் குடத்தை வரிசையிலிருந்து காலால் தள்ளினார்கள். மூன்றாவது, புதுக் கிணறு கேட்டு அறுபத்தொரு குடும்பமும் கைநாட்டு வைத்து அனுப்பிய மனுவுக்குப் பதிலாக ஒரு டிவி பெட்டி அனுப்பினார்கள். நான்காவது, உப்பு வெளிச்சம் பட்டுக் கண் மங்கியவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி கேட்டபோது, பார்வை குறைந்தவர்களுக்கு இங்கே வேலை இல்லை என்று எங்களால் படிக்க முடியாத எழுத்தில் போர்டு வைத்தார்கள். ஐந்தாவது, வேலைநிறுத்தத்தின் இருபத்து மூன்றாம் நாள், உப்பு வாரும் பலகையோடு பாதையில் நின்ற பெண்களை லத்தியால் அடித்தார்கள். ஆறாவது, அந்தப் பெண்களுக்கு முன்னால் நின்ற சந்தனமாரியைப் பழைய பம்பு ரூமிலிருந்து இழுத்துப் போய், நான்கு மாதம் கழித்துச் சிறையிலிருந்து ஒரு பெட்டியில் திருப்பி அனுப்பினார்கள்.

ஏழாவது ஒன்று உண்டு. அதற்கு இடம் வரும்போது சொல்வேன்.

நடிகர் ஆலந்தூர் சபேசன் செத்தது ஒரு வெள்ளிக்கிழமை, சென்னையில், எண்பத்தொரு வயதில், தூக்கத்தில். செய்தியை எனக்குச் சொன்னவர் எசக்கிமுத்து. சந்தனமாரியின் தம்பி, எங்கள் உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர், நான் செயலாளர், சிறு வயதிலிருந்து ஒரே தட்டில் கை வைத்தவர்கள். செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "ஏல துரை, நம்ம தாசில்தார் போயிட்டாரு" என்றார். நடிகர் என்று சொல்லவில்லை. சங்குமுனையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

அதற்குக் காரணம் இருக்கிறது. முப்பத்தேழு வருடத்துக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்கு 'மனு நாள்' என்று ஒரு நாடகம் வந்தது. அதில் அவர் தாசில்தார் ராகவமூர்த்தி. எங்கள் டிவி ரூமைப் பார்த்துக்கொண்டவர் பெட்டியை மிகவும் பேணுகிறவர்; பிக்சர் டியூப் தேய்ந்துவிடும் என்று, எழுத்து ஓடி முடிந்த பிறகுதான் மர ஷட்டரைத் திறப்பார், கடைசிப் பேச்சு முடிந்த அந்த நொடியே இழுத்து மூடிப் பூட்டுவார். நடித்தவர்கள் யார், எழுதியவர் யார் என்ற பட்டியலை எங்கள் காலனி ஒருநாளும் கண்டதில்லை. நாடகத்துக்கு முன்னால் விவசாய அதிகாரி வந்து பூச்சிமருந்து சொல்வார், பின்னால் செய்தி வரும், நடுவில் இவர் அதே மேசை, அதே ஃபைல், அதே மின்விசிறியோடு உட்கார்ந்திருப்பார். விவசாய அதிகாரி நிஜம், செய்தி நிஜம், இவர் மட்டும் பொய் என்று எங்களுக்கு யார் சொல்வது? ஆகவே நாங்கள் அவருக்கு மனு எழுதினோம்.

எழுதினோம் என்றால் நான் எழுதினேன். எனக்குப் பதினொரு வயது. என் கையெழுத்து மணிமணியாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவன். மீதிப் படிப்பெல்லாம் துண்டறிக்கையில்தான். கடலைப் பொட்டலம் மடித்து வந்த காகிதத்தைப் பிரித்து, 'அறைகூவல்' என்றால் என்ன, 'ஆவன செய்க' என்றால் என்ன என்று கேட்டுக் கேட்டுப் படித்தேன். அம்மாமார் வந்து உட்கார்ந்து சொல்வார்கள். நான் எழுதி, மை தடவி, அவர்கள் பெருவிரலைப் பிடித்து அழுத்துவேன். பிறகு மனுவை மடித்து ஷட்டருக்கும் மரப்பெட்டிக்கும் இடையில் உள்ள இடுக்கில் போடுவோம். அவர் இருப்பது அதற்குள்தானே.

அவரை நான் எப்படி நேசித்தேன் என்பதை எழுத எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது. மனுவைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்து வாசிப்பார். எதிரில் நிற்பவர் உட்காரும்வரை தன் காப்பியைத் தொடமாட்டார். தன்னால் ஆகாத காரியம் என்றால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். அப்போது அவர் கண் சின்னதாக, ஏதோ பறிகொடுத்தவர் கண் மாதிரி ஆகிவிடும். கைநாட்டு வைத்த மனுவை அவரே உரக்க வாசிப்பார், கையெழுத்துப் போட்ட மனுவானால் திருப்பிக் கொடுத்து, "எழுதத் தெரிஞ்சவங்க நீங்களே வாசிங்க. உங்க குரல்ல கேக்கணும்" என்பார். முடிவில் மனுதாரர் பெயரை மூன்று தரம் கூப்பிடுவார். கூட்டத்திலிருந்து "இருக்கேன் அய்யா" என்று குரல் வந்த பிறகுதான் ஓரத்தில் 'ஆவன செய்க' என்று எழுதுவார். இன்றைக்கும் நான் மேடையில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறேன். யாரைப் பார்த்துக் கற்றேன் என்று யாரும் கேட்டதில்லை.

பதினாலு வயதில், பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒரு சினிமா போஸ்டரில், கட்டம் போட்ட லுங்கியோடு அடியாளாக அவர் நிற்பதைப் பார்த்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் நடிகர் என்பதற்காக அழவில்லை. அப்படியானால் அந்த மனுவை நான் யாருக்குக் கொடுத்தேன் என்பதற்காக அழுதேன்.

அந்த மனுவைப் பிறகு சொல்கிறேன். முதலில் செவ்வாய்க்கிழமை.

அவரைச் சென்னையில் எரித்து மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்கு, எங்கள் டிவி ரூமிலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது. அந்த ரூமில் பெட்டி ஓடி முப்பது வருடம், கரண்டு வெட்டிப் பதினெட்டு வருடம். பிக்சர் டியூபுக்குப் பின்னால் எலி குட்டி போட்டு, அந்தக் குட்டிகளும் கிழடாகிப் போயிருந்தன. ஆனால் ஷட்டர் இடுக்கில் நீல வெளிச்சம் கசிந்தது. பழைய பூட்டு தொங்கியது. சாவி யாரிடம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. காலனியே எழுந்து போய்க் கடைசி வீட்டு வாசலில் நின்று இருமியது. பிலோமினா அக்காள் யாரும் கேட்காமலே சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அந்த வாசலில் காலனி போய் நின்றது முப்பத்தேழு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அவர் டிவி ரூம்காரரின் மனைவி. பம்பு ரூமில் சந்தனமாரி ஒளிந்திருந்தது ஐந்து பேருக்குத்தான் தெரியும். நான்கு பேர் அவள் ரத்தம்; ஐந்தாவது ஆள், தினமும் சோறு கொண்டுபோன டிவி ரூம்காரர். போலீஸ் நேராகப் பம்பு ரூமுக்கு வந்ததும் காலனி விரலை மடக்கி எண்ணிப் பார்த்தது. அவரைத் தள்ளி வைத்தது. பத்தொன்பதாவது வயதில் நான் எழுதிய முதல் துண்டறிக்கை அதை எழுத்தாக்கியது: 'இவனோடு பேசுவதில்லை, இவன் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போவதில்லை, இவன் பெயரை இக்காலனியில் எவரும் உச்சரிப்பதில்லை.' நல்ல நடை. அந்த நடைதான் என்னைச் செயலாளர் ஆக்கியது. எங்கள் பக்கத்தில் மனைவி கணவன் பெயரைச் சொல்வதில்லை. அவர்களுக்குப் பிள்ளையும் இல்லை. ஊரும் சொல்லாது, வீடும் சொல்லாது என்றாகி, அந்தப் பெயருக்கு உலகத்தில் ஒரு வாய்கூட மிச்சமில்லாமல் போயிற்று. பதினைந்து வருடத்துக்கு முன்னால் அவர் இறந்தபோது சவப்பெட்டியைத் தூக்க வெளியூரிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். கல்லறைக் கல்லில் பெயர் வெட்ட ஆள் கிடைக்கவில்லை. அவர் பெயரை நானும் இன்னும் இங்கே எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வரிசைப்படிதான் வரும்.

அக்காள் ஷட்டரைத் திறந்தார். உள்ளே, கறுப்பு வெள்ளையில், தாசில்தார் உட்கார்ந்திருந்தார். தலைமயிர் இன்னும் ஈரமாக இருந்தது, கழுத்தில் சென்னையில் போட்ட மாலை இருந்தது; அதைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து ஒரு அரிசிப் பையைத் தூக்கி வைத்தார். அது டிவி ரூம்காரரின் பை. நாங்கள் இடுக்கில் போட்ட மனுக்களை அவர் கிழிக்கவும் மனமில்லாமல், இது நாடகம் என்று எங்களிடம் சொல்லவும் மனமில்லாமல், அந்தப் பையில் சேர்த்து வைத்திருந்தார்.

"மொத்தம் நாப்பத்து நாலு மனு" என்றார் தாசில்தார். "வாரம் அஞ்சு பாக்கலாம்."

நான் மட்டும் தலையைத் தூக்கி அந்தப் பையைப் பார்த்தேன். ஏனென்றால் அந்தப் பையில் நாற்பத்து மூன்றுதான் இருக்க வேண்டும்.

காலனிக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. எழுதிப் போட்டோம், வாசிக்கிறார்; கொஞ்சம் தாமதம், அரசாங்கக் காரியம் என்றால் தாமதம் இருக்கத்தானே செய்யும் என்றார்கள். இரண்டாம் செவ்வாய்க்கே ரூம் கூட்டிக் கழுவப்பட்டது. ஒருவன் மரியாதைக்காக ஒயரைக் கொண்டுவந்து சுவரில் செருகினான், அதில் கரண்டு இல்லாவிட்டாலும். பெண்கள் சமையலை ஆறரைக்கே முடித்தார்கள். விசாரிக்க வந்த கிராம நிர்வாக அலுவலர் நாற்காலி கேட்டு உட்கார்ந்தவர், தாசில்தார் நிமிர்ந்து பார்த்ததும் பழக்கத்தில் எழுந்தார். அன்று முழுக்க நின்றுகொண்டே இருந்தார், அடுத்த வாரமும் வந்து நின்றார்.

மாடத்தி என்பவர், கொல்லத்துக்குப் போன புருசனைத் திருப்பி அனுப்பும்படி அந்தக் காலத்தில் மனுக் கொடுத்திருந்தார். அது வாசிக்கப்பட்டபோது அந்தப் புருசன், தானாகத் திரும்பி வந்து இருபது வருடமாகி, பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"என்னைய வரச்சொல்லியா மனு குடுத்த?"

"அப்பம் குடுத்தேன். இப்பம்னா போகச்சொல்லிக் குடுப்பேன்."

தாசில்தார் மூன்று தரம் கூப்பிட்டார். "இருக்கேன் அய்யா" என்றார் மாடத்தி, வெட்கத்தோடு.

ஆனால் பாதிப் பெயர்கள் செத்தவர்கள் பெயர்கள். முதல் முறை அப்படி ஒரு பெயர் வந்தபோது ரூம் அமைதியாகிவிட்டது. மூன்றாம் கூப்பாட்டில் அந்தக் கிழவனின் மருமகள் எழுந்து, "இருக்கேன் அய்யா" என்றாள். அதிலிருந்து அது வழக்கமாயிற்று. செத்தவருக்காக வீட்டார் ஒருவர் பதில் சொல்ல வேண்டும். ஒரே அப்பனுக்கு நான்தான் சொல்வேன் என்று இரண்டு அண்ணன் தம்பி சட்டையைப் பிடித்து, கடைசியில் இருவரும் சேர்ந்து சொன்னார்கள். ஆள் இல்லாதவருக்குப் பக்கத்து வீடு சொன்னது. தாசில்தார் ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'ஆவன செய்க' என்று எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை. கிணறு வரவில்லை, கண்ணாடி வரவில்லை. ஆனாலும் ஜனங்கள் செவ்வாய்க்கிழமை தலைசீவி, சலவைத் துணி உடுத்தி, தங்கள் பெயர் ஒரு அதிகாரியின் வாயால் சொல்லப்படுவதைக் கேட்டுவிட்டுப் போய்த் தூங்கினார்கள். நான் முப்பது வருடம் தொண்டை கிழியக் கத்தியும் அவர்களுக்கு அப்படி ஒரு தூக்கத்தைக் கொடுத்ததில்லை.

பிலோமினா அக்காள் ஒவ்வொரு வாரமும் வந்து திறப்பார், ஓரமாக நிற்பார், மூடிப் பூட்டுவார். நான்காம் வாரம் யாரோ அவருக்கு முக்காலியைத் தள்ளிவிட்டார்கள். ஆறாம் வாரம் ஒருத்தி, "தண்ணி குடிக்கீயளா?" என்று கேட்டாள். என் தீர்மானம் என் கண்ணெதிரே இற்றுக்கொண்டிருந்தது. அதைவிட எனக்குப் பெரிய பயம் இருந்தது.

இப்போது அந்த மனு. வேலைநிறுத்தத்தின் இருபத்தாறாம் நாள், சோற்றுத் தூக்கு போகும் பாதையைப் பின்தொடர்ந்து போய், பம்பு ரூம் ஓட்டையில் சந்தனமாரி அக்காளைப் பார்த்தேன். காலில் காயம் வீங்கி, ஈ மொய்த்தது. அக்காள் விரலை உதட்டில் வைத்தாள். நான் வீட்டுக்கு ஓடினேன், என்னால் ஆனதைச் செய்தேன். உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே நல்ல அதிகாரிக்கு எழுதினேன். அதுதான் நாற்பத்து நான்காவது மனு. அந்த நாற்பத்து நாலில் கைநாட்டு இல்லாமல் கையெழுத்துப் போட்டது அது ஒன்றுதான். இடுக்கில் போட்டுவிட்டு, அவர் எடுத்துக்கொள்கிறாரா என்று மறுநாள் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். வீடு வீடாகத் தேடிக்கொண்டு வந்த கம்பெனி மேஸ்திரி, பூட்டை நெம்பி ஷட்டரைத் திறந்தான், மேலாக இருந்த காகிதத்தை எடுத்தான், வாசித்தான், பீடி நெருப்பு பட்ட இடத்தை ஊதி அணைத்துவிட்டு சட்டைப் பையில் வைத்தான். அன்று சாயங்காலம் ஜீப் வந்தது. நான் கேட்ட ஜீப் அல்ல.

பதினொரு வயதுப் பிள்ளை வாயை மூடிக்கொண்டதை நான் மன்னித்துவிடுவேன். பத்தொன்பது வயதில் எல்லாம் தெரிந்தே அந்தத் துண்டறிக்கையை எழுதினவனைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. அதுதான் ஏழாவது.

அதனால் தடுக்கப் பார்த்தேன். ஏழாம் வாரம் சங்கத்தைக் கூட்டி, இது மூடத்தனம், போராட்ட உணர்வை மழுங்கடிக்கும் என்று பேசினேன்.

"துரை, நீ பேசுறது சரிதான்" என்றார் எசக்கிமுத்து. "ஆனா எங்க அக்கா பேரு ஒருக்க வந்துரட்டும். அவளும் மனு போட்டிருப்பாள்லா? அவளுக்கு நான் பதில் சொல்லணும். அதுக்குப் பெறவு பெட்டியத் தூக்கிக் கடல்ல போட்டாலும் சரி."

சந்தனமாரி மனுப் போட்டதே இல்லை. 'டிவிக்காரன்கிட்டயால கேப்பாவ?' என்று என்னைக் கேலி செய்தவள் அவள். அவள் பெயர் ஒரே ஒரு மனுவில்தான் இருக்கிறது. எட்டாம் வாரத்துக்கு 'மாண்டவர் மனு வாங்கலாமா?' என்று துண்டறிக்கை அடித்துக் கொடுத்தேன். சிமெண்டுத் தரை குளிர்கிறது என்று அதை விரித்து உட்கார்ந்தார்கள்.

ஒன்பதாம் செவ்வாய், மத்தியானம், காலனி வெயிலுக்குப் பயந்து கதவைச் சாத்தியிருந்த நேரத்தில், கடப்பாரையோடு டிவி ரூமுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. பிலோமினா அக்காள் ஈரத் துணியால் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடப்பாரையைப் பார்த்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"எடுத்த எடுப்பிலேயே கண்ணாடில அடிக்காத, தம்பி. முகத்துல தெறிக்கும்" என்றார்.

முப்பத்தேழு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"அடிக்கதுக்கு முன்ன இதப் பாரு." ஷட்டரைப் பாதி இழுத்து அதன் உள்பக்கத்தைக் காட்டினார். சாக்பீஸால் கோடு கோடாக இழுத்திருந்தது, ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு. "அவிய போட்ட கோடு. மனு ஒண்ணு விழுந்தா ஒரு கோடு, காயிதம் செவ்வாக்கெழம வரைக்கும் உள்ளயே கெடக்கும். பூட்டு நெம்புன அன்னிக்கு வந்து பாத்தாவ. கோடு நாப்பத்து நாலு, காயிதம் நாப்பத்து மூணு. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு, எதுலயிருந்து சேதி போச்சுன்னு."

"யாரு மனுன்னு…"

"நானும் கேட்டேன். ஆருன்னு சொல்லுங்க, ஊர்ல போய்ச் சொல்லுதேன், நம்ம தலையில எதுக்கு இதுன்னு கேட்டேன். அடிச்சிக்கிட்டுகூடக் கேட்டேன்." துணியைப் பிழிந்து மறுபடி துடைத்தார். "'சின்னப் பிள்ள பிலோமி'ன்னாவ. அவ்வளவுதான். சாகுத வரைக்கும் அவ்வளவுதான்."

கடப்பாரை என் கையில் எடை கூடியது.

"நாப்பத்து நாலும் எங்கையெழுத்துதான், அக்கா" என்றேன்.

"அது காலனிக்கே தெரியும்லா" என்றார், பெட்டியைப் பார்த்தபடி. "உள்ள இருக்கது ஆரு சொன்னது, ஆரு எழுதினதுன்னுதான் தெரியாது. சாயங்காலம் வந்துருவல்லா?"

கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன்.

ஏழரை மணிக்கு அறுபத்தொரு குடும்பமும் இருந்தது. எசக்கிமுத்து முன்வரிசையில், அக்காவுக்குப் பதில் சொல்லவென்று வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்து, தன் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். நான்கு மனுக்கள் மிச்சம். நாற்பத்தொன்று, ஆடு காணாமல் போனது. நாற்பத்திரண்டு, ரேஷன் கார்டில் பெயர். நாற்பத்து மூன்று, ஒரு விதவை, இன்னதென்று கேட்கத் தெரியாமல், 'அய்யா நல்லா இருக்கணும்' என்று மட்டும் எழுதச் சொன்னது. அதற்கு அவள் பேரன் எழுந்து "இருக்கேன் அய்யா" என்றான்.

தாசில்தார் பைக்குள் கைவிட்டுத் துழாவினார். நான்காக மடித்த காகிதம். ஓரத்தில் பீடி சுட்ட ஓட்டை. விரித்தார், கைநீட்டித் தள்ளிப் பிடித்தார், உதடு அசைய மனதுக்குள் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். அந்தச் சின்னக் கண்கள் கூட்டத்தில் ஒருவரையும் தேடவில்லை. காகிதத்தை எங்கள் பக்கமாகத் திருப்பிக் கண்ணாடித் திரையில் சாய்த்து வைத்தார்.

"எழுதத் தெரிஞ்சவங்க நீங்களே வாசிங்க. உங்க குரல்ல கேக்கணும்."

எசக்கிமுத்து என்னைப் பார்த்தார். அந்த நாளில் எங்கள் காலனியில் எழுதத் தெரிந்தவன் யார் என்று யோசிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தால் என்ன என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த எழுத்தை அத்தனை தூரத்திலிருந்து படிக்கக்கூடிய கண் எங்கள் கூட்டத்தில் எவருக்கும் இல்லை. உப்பு அதைப் பார்த்துக்கொண்டது. தாசில்தார் காப்பியைத் தொடாமல் காத்திருந்தார். நான் எழுந்தேன். காகிதத்தைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"உயர்திரு தாசில்தார் அய்யா அவர்களின் சமூகத்துக்கு. சங்குமுனைக் காலனி சந்தனமாரி அக்காவைக் கம்பெனி ஆட்கள் தேடுகிறார்கள். அக்கா பழைய பம்பு ரூமில் இருக்கிறது. காலில் புண் இருக்கிறது. தாங்கள் ஜீப்புடன் நேரில் வந்து அக்காவைக் கூட்டிப்போய்ப் பாதுகாக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வரும்போது மருந்து கொண்டு வரவும். இந்த விஷயம் வேறு யாருக்கும் தெரியாது. இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, இ. ஐகோர்ட்துரை, ஆறாம் வகுப்பு, ஆ பிரிவு."

எசக்கிமுத்து எழுந்திருக்கவில்லை. வேட்டி நுனியை எடுத்து முகத்தைத் துடைத்தார், அதை மடித்து முட்டியின் மேல் வைத்துத் தடவி நேராக்கினார். என்னைப் பார்க்காமல் பேசினார்.

"நான் பிடிச்சு வச்ச இடத்துலயே முப்பத்தேழு வருசம் உக்காந்திருக்க."

"ஆமா."

"பெட்டிய தூக்க ஆள் இல்லன்னு வெளியூர்லயிருந்து வந்தானுவளே. நானும் நீயும் டீக்கடையில நின்னு பாத்தோமே. அப்பவும் உனக்குத் தெரியும்."

"தெரியும்."

அவர் தோளிலிருந்து துண்டை எடுத்தார். பிறகு, "எங்க அக்காவுக்கு நான் பதில் சொல்லணும்னு வந்தேன். மனுவுல அவ பேரு வந்துட்டு" என்று எழுந்து நின்று, டிவியைப் பார்த்து, "சந்தனமாரி இருக்கா அய்யா" என்றார். உட்கார்ந்தார். பக்கத்து இடத்தில், எனக்காகப் பிடித்து வைத்திருந்த இடத்தில், தன் துண்டை விரித்து வைத்தார். அங்கே இனி நான் உட்கார முடியாது என்பது எனக்குப் புரிந்தது. "நில்லு. இன்னும் முடியல. இந்தக் காலனியில அந்தப் பேரச் சொல்லக்கூடாதுன்னு எழுதுனவன் நீ. நீயே வாசி."

தாசில்தார் பேனாவைத் திறந்தார். ஆனால் என் மனுவின் ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து முன்னால் வைத்து, சொல்லுங்கள் என்பதுபோல என்னைப் பார்த்தார். அறுபத்தொரு குடும்பமும் பார்த்தது. கிராம நிர்வாக அலுவலர் சுவரோரம் நின்று பார்த்தார். பிலோமினா அக்காள் முக்காலியிலிருந்து எழுந்து, சாவியை இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு நின்றார்.

நான் ஆயிரம் கூட்டத்தில் பேசியவன். மைக் இல்லாமல் மூன்று தெரு கேட்கும் என் குரல். அன்றைக்குச் சொல்லிப் பழகாத பெயர் நாக்கில் உப்புக் கட்டி மாதிரி புரண்டது. சொன்னேன். முன்வரிசைக்குக்கூட எட்டியிருக்காது.

"கேக்கல தம்பி" என்றார் அக்காள். "எனக்குச் சொல்லிப் பழக்கமில்ல, நீதான் சொல்லணும். வெளிய நிக்குத ஆளுக்கும் கேக்கணும். இன்னொருக்க வாசி."

கண்ணாடியைக் கழற்றினேன். துடைக்கவில்லை. நிமிர்ந்து நின்று, முழு முகவரியோடு வாசித்தேன்.

"சங்குமுனைக் காலனி, கடைசி வீடு, டிவி ரூம் பொறுப்பாளர், சூசை மகன் வியாகப்பன்."